நாரின் பங்கை அளக்காமல் எண் எழுதாதீர்கள்: கண்ணாடியிழை வடிவமைப்போருக்கும் அதை ஏற்போருக்கும் ஒரு திறந்த மடல்

கொழும்பு

கண்ணாடியிழைப் படகு, நீர்த்தாங்கி, கூரைத்தகடு, வாகனக் கூடு செய்யும் பட்டறை உரிமையாளர்களுக்கும், அவற்றுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் பொறியியலாளர்களுக்கும், அந்தக் கணக்கைப் பார்த்து ஒப்பமிடும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நீங்கள் எழுதுகிற, வாசிக்கிற, ஒப்பமிடுகிற வடிவமைப்பு அறிக்கைகளில் ஓர் அட்டவணை தவறாமல் இருக்கும். ‘பொருளின் இயல்புகள்’ என்று தலைப்பு. கீழே யங்கின் மட்டு (இழுக்கும்போது எவ்வளவு விறைப்பு), வெட்டு மட்டு (சரிக்கும்போது எவ்வளவு விறைப்பு), புவசோன் விகிதம் (நீளும்போது குறுக்கே எவ்வளவு ஒடுங்குகிறது), இழுவை வலிமை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரேயோர் எண். அது ரெசின் (இழையைப் பிணைத்து இறுகும் பிசின்) விற்றவர் கொடுத்த தரவுத்தாளிலிருந்து வந்ததா, மென்பொருளின் நூலகத்திலிருந்து வந்ததா, சூத்திரத்தில் போட்டு எடுத்ததா, வெட்டிச் சோதித்ததா என்பது அறிக்கையில் பெரும்பாலும் இராது. அதற்குப் பின் வருகிற பக்கம் பக்கமான பகுப்பாய்வு முழுவதும் அந்த அட்டவணையை நம்பித்தான் நிற்கிறது. உள்ளே போகும் எண் பிழை என்றால் வெளியே வரும் வண்ணப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். நார், அதாவது கண்ணாடியிழை, எவ்வளவு இருக்கிறது என்று அளக்காத தகட்டுக்கு விறைப்பும் வலிமையும் எழுதாதீர்கள். எழுதி வந்தால் ஏற்காதீர்கள்.

நாரின் இயல்பையும் ரெசினின் இயல்பையும் வைத்துத் தகட்டின் இயல்பைக் கணிக்கும் நுண்பொறிமுறை மாதிரியாக்கத்தில் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. இந்த மடலை எழுதுவதே அதனால்தான். நாரும் ரெசினும் கலந்த பொருளை, கணக்குக்காக, எங்கும் ஒரே இயல்புள்ள பொருளாக மாற்றி எழுதுவதுதான் ஏகவினமாக்கல். நாரின் விட்டம் 10 முதல் 20 மைக்ரோமீற்றர்; படகின் நீளம் 6 மீற்றர். இரண்டையும் ஒரே கண்ணறை வலையில் போட்டுக் கணக்கிட முடியாது. ஆகவே நார்களின் அமைப்பை முழுமையாகக் காட்டக்கூடிய ஒரு சிறு கனவளவை எடுத்து, அதை இழுத்தும் வெட்டியும் கணக்கில் பார்த்து, அதன் சராசரித் தகைப்புக்கும் (பரப்பலகுக்கு வரும் விசை) சராசரி விகாரத்துக்கும் (நீளத்தோடு ஒப்பிட்ட நீட்சி) உள்ள தொடர்பைப் பிடிக்கிறோம். இதைப் பிரதிநிதிக் கனவளவு என்கிறோம். 1963இல் பொறிமுறை ஆய்வாளர் ஹில் அதற்குத் தெளிவான வரைவிலக்கணம் கொடுத்தார். நாரின் இயல்பு, ரெசினின் இயல்பு, நாரின் பங்கு, நார் கிடக்கும் திசை ஆகிய நான்கும் சரியாகத் தெரிந்தால் தகட்டின் விறைப்பைச் சோதனைக்கு முன்பே நம்பிக்கையோடு சொல்லலாம். முதல் இரண்டும் ஓரளவு தெரிந்தவை. மூன்றாவது பட்டறைக்குப் பட்டறை, ஒரே படகிலேயே இடத்துக்கு இடம் மாறுவது. அதைத்தான் யாரும் அளப்பதில்லை.

பட்டறையில் அளக்கப்படுவது தடிப்பு. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள மெட் (நறுக்கிய நாரைச் சிதறவிட்டுச் செய்த பாய்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். கையால் பூசும் வேலையில், நன்றாக ரோலர் போட்டால், நிறைப்படி 30 வீதம் கண்ணாடியும் 70 வீதம் ரெசினும் வரும். கண்ணாடியின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.56 கிராம், இறுகிய பொலியெஸ்டரினது ஏறத்தாழ 1.20 கிராம். அப்படியென்றால் ஓர் அடுக்கில் கண்ணாடி 0.18 மில்லிமீற்றர், ரெசின் 0.87 மில்லிமீற்றர், மொத்தம் 1.05 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றர் தகட்டுக்கு 6 அடுக்கு வேண்டும்.

ரோலர் போட நேரமில்லை, ரெசினை அள்ளி ஊற்றிவிட்டார்கள், கண்ணாடி 22 வீதத்துக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். அதே மெட் இப்போது 1.5 மில்லிமீற்றர் தடிப்பாக நிற்கும். 4 அடுக்கிலேயே 6 மில்லிமீற்றர் வந்துவிடும். இடுக்கிமானி வைத்துப் பார்க்கிறவர் சரி என்று குறித்துக்கொண்டு போவார். ஆனால் சதுர மீற்றருக்கு 2,700 கிராம் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் 1,800 கிராம்தான் இருக்கிறது. சுமையைத் தாங்குகிற பொருளில் மூன்றில் ஒரு பங்கு காணாமற்போய்விட்டது; தடிப்பு அதைச் சொல்லாது. தட்டிப் பார்ப்பதும் கையால் அழுத்திப் பார்ப்பதும் சொல்லா. வளைவு விறைப்பு தடிப்பின் கனத்தோடு, அதாவது தடிப்பை மூன்று தடவை பெருக்கி வரும் அளவோடு, ஏறுவதால், ரெசின் கூடிய தகடும் கைக்குத் திடமாகவே தெரியும். விரிசல் பிறகு, அலையில் அடிபடும்போது, ரெசின் தேங்கிய இடத்தில்தான் வரும்.

அளப்பது கடினமான வேலையல்ல. தகட்டிலிருந்து 25 மில்லிமீற்றர்ச் சதுரத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். 6 மில்லிமீற்றர்த் தடிப்பில் அது 5 கிராமுக்குச் சற்றுக் கூட வரும். ஒரே இடத்திலிருந்து வேண்டாம்; அடிப்பகுதி, பக்கச்சுவர், மூலை என்று வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று துண்டாவது எடுங்கள். ஈரம் போக உலர்த்தி, ஏற்கெனவே சூடாக்கி ஆறவிட்டு நிறுத்த பீங்கான் மூசையில் வைத்து, மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுங்கள். பிறகு மஃபிள் உலையில் 565 பாகை செல்சியசில், நிறை மாறாமல் நிற்கும் வரை எரியுங்கள். 565 பாகை அமெரிக்க நியமமான ஏஎஸ்டிஎம் டி2584 சொல்வது; சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 1172உம் இதே எரிப்பு முறையைத்தான் சொல்கிறது. உலையைத் திடீரெனச் சூடாக்கினால் ரெசின் தீப்பற்றிச் சீறும். அந்தச் சீற்றத்தில் நார்த்துகள் பறந்து நிறை குறையும். மெதுவாக ஏற்றுங்கள். புகை போக வழி வேண்டும். எரிந்து முடிந்தபின் மிஞ்சுவது கண்ணாடி மட்டும். ரோவிங் (தடித்த நார்க்கற்றையால் நெய்த துணி) அடுக்குகள் என்றால் ஒவ்வொன்றாக உரித்து எண்ணலாம், எந்தத் திசையில் போட்டார்கள் என்றும் பார்க்கலாம். வரைபடத்தில் எழுதியிருக்கும் அடுக்கு ஒழுங்கைச் சரிபார்க்க இதைவிட நேரான வழி இல்லை.

இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. ரெசினில் மலிவுக்காகக் கல்சியம் காபனேற்றுத் தூள் கலந்திருந்தால், அந்த வெப்பநிலையில் அதன் பெரும்பகுதி எரியாமல் நின்று கண்ணாடியோடு சேர்த்து நிறுக்கப்படும். கண்ணாடி வீதம் பொய்யாக ஏறும். குளிர்ந்த, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் சிறிது நேரம் கழுவினால் அது கரைந்துபோகும். நீண்ட நேரம் விடாதீர்கள், ஈ-கிளாஸ் என்ற வழமையான கண்ணாடி நாரையும் அமிலம் அரிக்கும். டல்க் தூள் இந்த அமிலத்தில் கரையாது. அப்போது பட்டறையில் கலந்த அளவைக் கேட்டுக் கழிப்பதைத் தவிர வழியில்லை. ஜெல்கோட்டை (மேலே பூசும் நிற ரெசின் படை) முதலிலேயே தேய்த்து அகற்றிவிடுங்கள், நிறமிகளும் எரியாமல் மிஞ்சும்.

வெற்றிட அளவு இதே சோதனையோடு வரவேண்டும். தகட்டின் அடர்த்தியை நீரில் அமிழ்த்தி அளந்து, கண்ணாடிக்கும் ரெசினுக்கும் உரிய கனவளவுகளைக் கழித்தால் மிச்சம் காற்று. இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, தரவுத்தாளில் உள்ள திரவ ரெசினின் அடர்த்தியை எடுத்துப் போடுவது. பொலியெஸ்டர் இறுகும்போது கனவளவில் 7, 8 வீதம் சுருங்கும். திரவத்தின் 1.10ஐப் போட்டால் மேலே சொன்ன 30 வீதத் தகட்டுக்கு வெற்றிடம் கழித்தல் 7 வீதத்துக்கும் கீழே வரும். கழித்தல் விடை வந்தால் பிழை தெரிந்துவிடும், அது பரவாயில்லை. ஆபத்தானது சிறிய பிழை. ரெசின் அடர்த்தியில் 0.01 தவறினால் வெற்றிடத்தில் 0.7 வீதம் தவறும். வெற்றிடம் 1 வீதம் கூடினால் அடுக்குகளுக்கிடையிலான வெட்டு வலிமை ஏறத்தாழ 7 வீதம் குறையும் என்பதை நினைவில் வைத்தால் இது சின்ன விடயமல்ல. நார் சேர்க்காமல் அதே ரெசினை, அதே ஹார்ட்னர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) அளவோடு ஒரு கிண்ணத்தில் ஊற்றி இறுகவிட்டு, அதன் அடர்த்தியை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

இனிச் சூத்திரம். நிறை வீதத்தைக் கனவளவு வீதமாக மாற்றாமல் சூத்திரத்தில் போடுவது வியக்கத்தக்க அளவு பரவியிருக்கும் பிழை. நிறைப்படி 30 வீதம் என்பது கனவளவுப்படி 16.7 வீதம்தான். 30 என்றே போட்டால் விறைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் வரும்.

எல்லா நாரும் ஒரே திசையில் கிடக்கும் தகட்டில், கனவளவில் பாதி கண்ணாடி என்று எடுப்போம். ஈ-கிளாஸின் யங்கின் மட்டு 72 கிகாபஸ்கால் (விறைப்பின் அலகு), பொலியெஸ்டரினது 3.3. நார் வழியே இழுத்தால் இரண்டும் ஒரே அளவு நீளும். ஆகவே கலவை விதியின் நேர்ச் சராசரி, 37.7 கிகாபஸ்கால். இந்த எண்ணை நம்பலாம். நார் நேராக இருந்தால் சோதனையும் இதற்கு மிக அருகில்தான் வரும். நாருக்குக் குறுக்கே இழுக்கும்போதுதான் சூத்திரங்கள் பிரிகின்றன. இரண்டிலும் ஒரே தகைப்பு என்று எடுத்துத் தலைகீழ்ச் சராசரி போட்டால் 6.3 வரும். நாரின் வடிவத்தையும் கணக்கில் எடுக்கும் ஹல்பின்–சாய் சூத்திரத்தில் வட்ட நாருக்கு வழமையாகப் போடும் 2 என்ற குணகத்தோடு கணக்கிட்டால் 11.0 வரும். வெட்டு மட்டிலும் (அங்கே குணகம் 1) இதே கதை: ஒன்று 2.3, மற்றது 3.3. உண்மை ஹல்பின்–சாயின் பக்கம்தான் நிற்கும். ஏனெனில் குறுக்கே போகும் சுமை நாரைச் சுற்றி வழி தேடுகிறது; நாரும் ரெசினும் தகடு தகடாக அடுக்கப்பட்டிருக்கவில்லை.

நேர்ச் சராசரியும் தலைகீழ்ச் சராசரியும் முறையே 1889இல் வோய்க்ட்டும் 1929இல் ரொய்ஸும் பளிங்குகளுக்காகக் கொடுத்தவை. உண்மையான விடை அவ்விரண்டுக்கும் இடையேதான் இருக்க முடியும் என்று 1952இல் ஹில் காட்டினார். 1963இல் ஹஷினும் ஷ்ட்ரிக்மனும், எல்லாத் திசையிலும் ஒரே இயல்புள்ள கலவைக்கு, அந்த இடைவெளியை இன்னும் இறுக்கினார்கள். ஓர் அறிக்கையில் வரும் எண் வோய்க்ட், ரொய்ஸ் எல்லைகளுக்குத் தெளிவாக வெளியே விழுந்தால், மென்பொருள் எதுவானாலும், அது பிழை. அதிகாரிகள் ஒரு கணிப்பானை வைத்து இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய சோதனை இது. வேறு பொருளுக்குள் பதிந்த ஒரு துண்டில் தகைப்பு எப்படி இருக்கும் என்று எஷெல்பி 1957இல் கண்ட விடையின் மேல் கட்டிய மோரி–தனாக்கா முறையும் நல்லதே. ஆனால் நார் நெருக்கம் கூடக்கூட, ஏறத்தாழ 30 வீதத்துக்கு மேல், அதைத் தனியே நம்பவேண்டாம்.

மெட் போட்ட தகட்டில் நார் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும். அதற்கு நார்வழி விறைப்பின் எட்டில் மூன்றையும் குறுக்கு விறைப்பின் எட்டில் ஐந்தையும் கூட்டுவது வழக்கம். நிறைப்படி 30 வீதத்துக்கு இது 8.7 கிகாபஸ்கால் தரும். 22 வீதத்துக்கு 7.0. வெட்டி இழுத்துப் பார்த்தால், நன்றாகச் செய்த 30 வீதத் தகடும் பொதுவாக 6 முதல் 8 வரைதான் காட்டும். வளைந்த நார், நனையாத நார்க்கற்றை, காற்றுக்குமிழ், முழுதும் இறுகாத ரெசின் என்று காரணங்கள் பல. மாதிரி கொடுப்பது உச்ச எல்லை என்று எடுத்துக்கொண்டு, குறைப்புக் காரணியை வெளிப்படையாக எழுதுங்கள். 24 மீற்றர் வரையான படகுகளுக்குரிய ஐஎஸ்ஓ 12215-5 நியமம், கண்ணாடியின் நிறை வீதத்தை வைத்தே விறைப்பையும் வலிமையையும் தருகிறது. அங்கேயும் நுழைவாயில் அதே அளவீடுதான் என்பதைக் கவனியுங்கள்.

பொருளைச் சிறு மூலகங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முடிவுறு மூலக முறையில் பிரதிநிதிக் கனவளவைக் கட்டுகிற இளம் பொறியியலாளர்களோடு கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறோம். மொறட்டுவையிலும் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் இதைக் கற்று வெளியே வருகிறீர்கள், மகிழ்ச்சி. உங்கள் கையில் இருக்கும் கருவி மேலே சொன்ன சூத்திரங்களைவிடக் கூர்மையானது. கூர்மையான கருவி பிழையையும் அழகாகத்தான் காட்டும்.

முதலில் எல்லை நிபந்தனை. எதிரெதிர் முகங்களில் ஒவ்வொரு கணுவையும் (மூலகங்கள் சந்திக்கும் புள்ளி) சோடி சேர்த்து, இரண்டு முகங்களும் ஒரேமாதிரி உருமாறும்படி ஆவர்த்தன நிபந்தனை போடவேண்டும். இரண்டு முகங்களிலும் வலை ஒன்றாக இல்லாவிட்டால் சோடி பொருந்தாது. மென்பொருள் கிட்டியதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் ஓடும். விளிம்பிலும் மூலையிலும் உள்ள கணுக்கள் இரண்டு, மூன்று முகங்களுக்குச் சொந்தமானவை. அவற்றுக்கு ஒரே கட்டுப்பாட்டை இரண்டு முறை எழுதினால் கணக்கு நின்றுவிடும், அல்லது ஒன்று மற்றதை அழித்துவிடும். இதைத் தவிர்க்க முகங்களைத் தட்டையாகவே இருக்கும்படி பிடித்துவிடுகிறார்கள். நேரே இழுப்பதற்கு அது சரி. வெட்டுக்கு அது கூடாது. செயற்கையான விறைப்பு ஏறும்.

ஆறு சுமைநிலைகளை ஓட்டி ஆறு நிரல்களை நிரப்பியதும், வேறு எதற்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள்: நாருக்கும் ரெசினின் இயல்பையே கொடுத்து ஓட்டுங்கள். விடை தசமதானம் பிசகாமல் ரெசினின் இயல்பாகவே வரவேண்டும். வராவிட்டால் எல்லை நிபந்தனையில் ஓட்டை இருக்கிறது. வெட்டு மட்டு மட்டும் சரியாக இருமடங்கோ பாதியோ வந்தால், பொறியியல் வெட்டு விகாரத்தையும் அதில் பாதியான தென்சர் வெட்டு விகாரத்தையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். இது தேர்ந்தவர்களையும் பிடிக்கும் பிழை. அடுத்து, உண்மையான இயல்புகளோடு ஓட்டி, அந்த ஆறு நிரல்களாலான விறைப்புத் தாயம் சமச்சீரா என்று பாருங்கள். சராசரித் தகைப்பையும் சராசரி விகாரத்தையும் பெருக்கி வரும் சக்தி, மூலகங்களின் சக்தியைக் கூட்டி வரும் தொகைக்குச் சமமா என்று பாருங்கள். நார்வழி விறைப்பு கலவை விதியோடு ஒரு வீதத்துக்குள் ஒத்துவரவேண்டும்.

வலையில் நாரின் பங்கு எவ்வளவு என்று வலையிடமே கேளுங்கள், வரைந்த வட்டத்திடம் கேட்காதீர்கள். நேர்கோட்டு மூலகங்களில் வட்டம் பல்கோணமாகிவிடும். 16 பக்கமுள்ள பல்கோணத்தின் பரப்பு வட்டத்தைவிட 2.5 வீதம் குறைவு. 32 பக்கம் என்றால் 0.6 வீதம். 50 வீதம் என்று எழுதிவிட்டு 48.7 வீதத்துக்குக் கணக்குப் போட்டிருப்பீர்கள்.

நார்களைச் சதுரமாக அடுக்கினால் அவை வரிசையாக நிற்கும் திசையில் தகடு விறைப்பாகவும், 45 பாகையில் தளர்வாகவும் தெரியும். உண்மையான தகட்டுக்கு அந்தக் குணம் இல்லை. அறுகோண அடுக்கு குறுக்குத் தளத்தில் எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி நிற்கும். விறைப்புக்கு அது போதும். நார்களைத் தாறுமாறாக வைத்துப் பெரிய கனவளவு கட்டுவது நல்லதே. ஆனால் ஒரே ஒரு வடிவத்தை ஓட்டி நிறுத்தாதீர்கள். அளவை இரட்டிப்பாக்குங்கள், வேறு வேறு சிதறல்களை ஓட்டுங்கள், விடை அசையாமல் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். அந்த வரைபு அறிக்கையில் இருக்கவேண்டும்.

நெய்த ரோவிங் என்றால் இரண்டு படியில் போகவேண்டும்: முதலில் நாரும் ரெசினும் சேர்ந்த கற்றை, பிறகு கற்றைகள் பின்னிய துணி. தகடு முழுவதற்கும் அளந்த 32 வீதக் கனவளவை, நிறைப்படி அது 50 வீதம், அப்படியே கற்றைக்குள் போடுகிறவர்கள் பலர். கற்றைக்குள் நார் 60 வீதம் அளவு நெருக்கமாக இருக்கும். மிச்ச இடம் வெறும் ரெசின் தேங்கிய குளங்கள். கற்றைக்குள் 32 போட்டு, அதன்மேல் குளங்களையும் சேர்த்தால் அதே ரெசினை இரண்டு முறை எண்ணியதாகிறது. காபன் நாரில் வேறொரு பொறி: 230 கிகாபஸ்கால் நீளவாக்குக்கு மட்டும். குறுக்கே அது 15 அளவுதான். கண்ணாடியைப் போல எல்லாத் திசையிலும் ஒரே எண் போட்டால் குறுக்கு விறைப்பு வீங்கிவிடும்.

இதுவரை சொன்னது எல்லாம் விறைப்பு. வலிமை வேறு விடயம், அதைத் தனியாக அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. விறைப்பு சராசரியின் பிள்ளை. நூறு இடத்தில் ஓர் இடம் குறைந்தாலும் சராசரி பெரிதாக அசையாது. வலிமையை முடிவு செய்வது அந்த ஓர் இடம்தான். பாதி கண்ணாடியுள்ள சதுர அடுக்கில் இரண்டு நார்களுக்கிடையே உள்ள ரெசின் இடைவெளி நாரின் ஆரையில் பாதி அளவுதான். நாருக்குக் குறுக்கே தகடு நீளும்போது, நார் ஏறக்குறைய நீளாது. நீட்சி முழுவதையும் அந்த ஒடுங்கிய ரெசின்தான் ஏற்கவேண்டும். கணக்குப் போட்டால் அங்கே விகாரம் சராசரியைவிட 4 மடங்கு. தகடு அரை வீதம் நீண்டால் நார்களுக்கிடையே ரெசின் 2 வீதம் நீள்கிறது. சாதாரணப் பொலியெஸ்டர் முறிவது அந்த அளவில்தான். ஒழுங்காக அடுக்கிய நார்களுக்கே இந்த நிலை. உண்மைத் தகட்டில் நார்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் இருக்கும். ஆகவே, குறுக்குத் திசையில் முதல் விரிசல், தரவுத்தாளில் உள்ள முறிவு நீட்சிக்கு வெகு முன்னரே வந்துவிடும். அதன் வழியே நீர் உள்ளே போகும்.

ஒழுங்கான ஆவர்த்தனக் கனவளவிலிருந்து எடுத்த வலிமை எண் அநேகமாக எப்போதும் கூடுதலாகவே இருக்கும். விரிசல் ஒருமுறை ஓரிடத்தில் குவிந்துவிட்டால், கனவளவைப் பெரிதாக்கப் பெரிதாக்க விடை மாறிக்கொண்டே போகும். பிரதிநிதி என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. பிரித்தானியாவிலிருந்து நடத்தப்பட்ட உலகளாவிய முறிவுக் கோட்பாட்டு ஒப்பீட்டின் முடிவுகள் 1998 முதல் 2004 வரை வெளிவந்தன. ஒரே தரவைப் பெற்ற தேர்ந்த கோட்பாட்டாளர்களின் விடைகளே சில சுமைநிலைகளில் பல மடங்கு வேறுபட்டன. வலிமைக்குத் தகட்டை வெட்டி இழுக்கவேண்டும், வளைக்கவேண்டும். ஏஎஸ்டிஎம் டி3039இன்படி இழுவை, கூட்டல் கழித்தல் 45 பாகைத் தகட்டில் டி3518இன்படி வெட்டு. மாதிரியை வைத்து எந்தத் தகட்டைச் சோதிப்பது என்று தெரிவு செய்யலாம். சோதனையை விட்டுவிட முடியாது.

தும்பு பற்றியும் ஒரு சொல். தென்னந்தும்பு நம் நாட்டில் கிடைக்கிறது, மலிவு, ஆகவே ஆய்வுத் தலைப்பாக ஆண்டுதோறும் வருகிறது. அதன் யங்கின் மட்டு 4 முதல் 6 கிகாபஸ்கால். பொலியெஸ்டரினது 3.3. கனவளவில் 30 வீதம் தும்பைச் சேர்த்தாலும், எல்லாம் ஒரே திசையில் நேராகக் கிடந்து, பிணைப்பும் பூரணமாக இருந்தாலும், கலவை விதி தருவது 3.8 மட்டுமே. விறைப்புக்காகத் தும்பைப் போடுவதில் பொருளில்லை. எந்த மாதிரியும் இதை மாற்றாது. ஆனால் முறிவதற்கு முன் தும்பு 15 வீதத்துக்கு மேலும் நீளக்கூடியது. அடி தாங்கும் தன்மை, ஒலித் தடுப்பு, எடை குறைந்த நடு அடுக்கு என்று ஆய்வை அந்தப் பக்கம் திருப்பினால் நாட்டுக்கும் பயன், மாணவருக்கும் பயன். தும்பு உள்ளே குழலாக இருப்பதால், பரப்பை வெளி விட்டத்தால் கணித்தீர்களா, குழலைக் கழித்தீர்களா என்பதை எழுதாமல் மட்டு கொடுக்காதீர்கள். தும்பு ரெசினோடு சேர்ந்தே எரிந்துவிடும் என்பதால் மேலே சொன்ன உலைச் சோதனையும் இங்கே உதவாது. கலக்குமுன் நிறுத்து எழுதிவையுங்கள்.

ரெசினுக்குத் தரவுத்தாளில் உள்ள 3.3 என்ற எண், ஆய்வுகூடத்தில் சூடாக்கி முழுதாக இறுகவைத்த துண்டுக்குரியது. கொழும்பின் ஈரக்காற்றில், திறந்த கொட்டகையில், அறை வெப்பநிலையில் இறுகுவது அதுவல்ல. காலையில் சரியாக வேலை செய்த ஹார்ட்னர் அளவு மதியம் இரண்டு மணிக்கு ரெசினை வாளிக்குள்ளேயே கட்டியாக்கிவிடும். அதற்குப் பயந்து அளவை 1 வீதத்துக்குக் கீழே இறக்கினால் ரெசின் ஒருநாளும் முழுதாக இறுகாது. ஹார்ட்னரை இறக்கவேண்டாம், கலக்கும் தொகையைச் சிறிதாக்குங்கள். மழைக்காலத்தில் மெட் சுருளைத் திறந்து போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நார் நனைவது கெட்டு, பால்போல் வெண்புள்ளிகள் தெரியும். பார்கோல் கடினமானியால் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். ரெசின் தயாரிப்பாளர் சொல்லும் பெறுமானத்தில் 90 வீதத்துக்குக் குறைந்தால் அந்த 3.3ஐக் கணக்கில் போட உங்களுக்கு உரிமையில்லை. சாதாரண ஓதோ வகைப் பொலியெஸ்டர் 60, 70 பாகையில் இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் கடும் நிற மேற்றளம் அந்த வெப்பத்தை எட்டிவிடும். அங்கே அறை வெப்பநிலை விறைப்பை வைத்துக் கணக்குப் போடுவது தவறு.

ஒப்பமிடும் அதிகாரிகளே, நீங்கள் முடிவுறு மூலக வல்லுநராக இருக்கத் தேவையில்லை. இயல்பு அட்டவணையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது அளந்ததா, கணித்ததா, எடுத்ததா என்று எழுதச் சொல்லுங்கள். நாரின் நிறை வீதம், அதை எந்த இடங்களில் அளந்தார்கள், கூடியதும் குறைந்ததும் எவ்வளவு என்று கேளுங்கள். கணித்த விறைப்பை ஒற்றை எண்ணாக ஏற்காமல், அளந்த வீதத்தின் குறைந்த பக்கத்துக்கும் கூடிய பக்கத்துக்கும் இரண்டு எண்ணாகக் கேளுங்கள். வடிவமைப்பு குறைந்த எண்ணில் நிற்கவேண்டும். வலிமை மாதிரியிலிருந்து மட்டும் வந்திருந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். இவை எதுவும் புதுச் சட்டம் கேட்பவை அல்ல. ஒரு படிவத்தில் நான்கு வரி கூட்டினால் போதும்.

பட்டறை உரிமையாளர்களே, உங்களுக்குச் செலவு வைக்கும் எதையும் நாங்கள் கேட்கவில்லை. நீர் வடியும் துளைக்கும் குழாய்ப் பொருத்துக்கும் படகின் ஓட்டில் வட்ட வாளால் துளையிடும்போது ஒரு வில்லை கழன்று விழுகிறதல்லவா, அதுதான் உங்கள் படகின் உண்மையான தகடு. மோல்ட்டின் ஓரத்தில் வெட்டும் கழிவு அப்படியல்ல. அங்கே ரெசின் வடிந்தோ தேங்கியோ இருக்கும். அந்த வில்லைகளைக் குப்பையில் போடாதீர்கள். படகின் இலக்கம், திகதி, வெட்டிய இடம், போட்ட அடுக்கு, ரெசின் பீப்பாயின் தொகுதி எண், ஹார்ட்னர் வீதம் ஆகியவற்றை எழுதி ஒரு பையில் கட்டி வையுங்கள். கணக்குப் போடவரும் பொறியியலாளரும் பார்வையிட வரும் அதிகாரியும் முதலில் அந்தப் பையைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
கூட்டுப்பொருள் வடிவமைப்பிலும் சோதனையிலும் பணிபுரியும் பொறியியலாளர்கள்
கொழும்பு